கடைசிப் பக்கத்தை முதலில் படித்த குற்றம்

அன்பு மைத்துனருக்கு, உன் அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கு நான் சௌக்கியம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன். இரண்டு பத்தி தாண்டினால் அந்த வரியை நீயே அடித்துவிடுவாய். அங்கு நீயும் தங்கச்சியும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். குறிப்பாக நீ சுகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த வீட்டில் இன்று நடக்கும் அத்தனைக்கும் மூல காரணம் நீதான், உன்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்க எனக்கு அவகாசம் வேண்டும். போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் உன் அக்கா காதில் விழும். அவள் பேசுவதைத்தான் நிறுத்தியிருக்கிறாள், கேட்பதை நிறுத்தவில்லை. அதனால்தான் கூரியர். உனக்கு நேரமில்லை என்றால் கடைசிப் பத்தியை மட்டும் படி. என் கோரிக்கை அங்கேதான் இருக்கிறது.

விஷயம் இதுதான். உன் அக்கா என்னோடு பேசி இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. வருகிற வெள்ளிக்கிழமை ரயிலில் உன் வீட்டுக்குக் கிளம்புகிறாள். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி லேபில் ரத்த மாதிரி எடுத்த குழாய்களுக்கு ஒட்டுவாளே, அதே மாதிரி ஒரு சின்ன லேபிளில் "வெள்ளி. தம்பி வீடு. இரண்டு மாதம்" என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். பால் எடுக்கப் போனவன் அதைப் படித்துவிட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, அது கீ கீ என்று கத்திய பிறகுதான் சுயநினைவு வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஓய்வு பெற்றபோது வந்தாயே, செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து "நேரம் போகும்க்கா" என்றாயே, நினைவிருக்கிறதா? நேரம் போனது. கூடவே அக்காவும் போய்விட்டாள். முதல் பாகத்தை நாலு நாளில் முடித்தாள், இரண்டாவதை மூன்று நாளில், நாலாவதை முடித்த அன்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வெறுமனே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னதான் இருக்கிறது அதில் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கதாநாயகன் ஒரு இளவரசனாம், அவனுக்கு நிழல் கிடையாதாம், அதை ஒரு சூனியக்காரியிடம் கொடுத்துவிட்டானாம். வயது நானூற்றுப் பன்னிரண்டு. கதாநாயகி தெருவிளக்கு ஏற்றுகிற பெண், வயது இருபத்திரண்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாப்பிள்ளை, நீயே சொல், நம் வீட்டுப் பெண்ணுக்கு நானூற்றுப் பன்னிரண்டு வயதில், ஒரு டிராகனை மேய்ப்பதைத் தவிர வேறு வேலை வெட்டி இல்லாமல் ஒருத்தன் வந்து நின்றால் வாசலைத் தாண்ட விடுவோமா? இதை உன் அக்காவிடம் கேட்டேன். "மனசு நல்ல மனசுங்க" என்றாள். எனக்கு இருபத்தெட்டு வயதில் கல்யாணம் ஆனபோது, பையனுக்கு வயது கொஞ்சம் அதிகம் என்று உங்கள் வீட்டில் பேசிக்கொண்டீர்கள்.

அது போகட்டும். ஒரு நாள் காலை சமையலறையில் விசும்பல் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்பு எரிகிறது, உன் அக்கா சுவரில் சாய்ந்து அழுகிறாள். உன்னைத்தான் நினைத்தேன், உனக்குத்தான் சர்க்கரை இருக்கிறது. அடுப்பை அணைத்தேன், சட்டையை மாட்டினேன், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டே ஒரு காலில் ஷூவையும் போட்டுவிட்டேன். அப்போதுதான் "அவன் அவ கையை விட்டுட்டாங்க, பாலத்துலயே விட்டுட்டுப் போயிட்டான்" என்றாள். யார் என்று கேட்கவில்லை. ஒரு ஷூவோடு ஹாலில் போய் உட்கார்ந்தேன். அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று பிறகு ஒரு நாள் புரட்டியதில் கண்ணில் பட்ட, இரண்டாம் பாகத்தின் முந்நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தைப் பற்றி, அவளுடைய தம்பியான உனக்கு நான் எழுத முடியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தேன், எழுத்து மாறவில்லை. இதெல்லாம் படிக்கலாமா என்று கேட்டதற்கு, முப்பத்து மூன்று வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவளுக்கு எதைப் பார்த்தும் அதிர்ச்சி வராது என்றாள். நான் இருந்தது ஆவணப் பிரிவு. எனக்கு வருகிறது.

சனிக்கிழமை தோறும் நம் வீட்டு ஹாலில் ஒரு கூட்டம் வேறு. பல் டாக்டரம்மா, பஸ் டிப்போ டைம்கீப்பர் அம்மா, தையல்கடைக்கார அம்மா, உன் அக்கா. நாலு பேரும் படித்தவர்கள், பொறுப்பானவர்கள். நிழலைக் கொடுத்த விஷயம் டிராகனுக்கு முன்பே தெரியுமா தெரியாதா என்று மூன்று மணி நேரம் சண்டை போடுகிறார்கள். போன மாதம் ஓட்டெடுப்பு நடந்தது. டிராகன் தோற்றது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். ஐந்தாம் பாகத்துக்காக இந்த நாலு பேரும் பதினான்கு மாதம் காத்திருந்தார்கள். அது ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. உன் அக்கா கடைக்குப் போயிருந்தாள், நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஒரு பொருளைப் பிரித்துச் சரிபார்க்காமல் நான் வாங்கியதில்லை, உனக்கே தெரியும். நான் முப்பத்து நாலு வருஷம் ஆவணப் பிரிவில் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிலில் கோப்பு கைக்கு வந்தால் முதலில் புரட்டுவது கடைசித் தாளைத்தான். உத்தரவு அங்கேதான் இருக்கும். முன்னால் இருக்கும் இருநூறு தாளும் அந்த ஒரு தாளுக்காக வளர்ந்தவைதான். அதிலும் நான் கறார். கோப்பின் பின்னால் தவறிச் சேர்ந்திருந்த வேறொரு கோப்பின் தாளைப் பார்த்து, அதுதான் உத்தரவு என்று நடவடிக்கை எடுத்த குமாஸ்தா ஒருவருக்கு மெமோ கொடுத்தவன் நான். அந்தப் பழக்கத்தில் கை தானாகக் கடைசிப் பக்கத்துக்குப் போனது. "நிழலற்ற இளவரசன் அவள் மடியிலேயே கடைசி மூச்சை விட்டான்" என்று இருந்தது. சரி, தீர்ந்தது விவகாரம் என்று மூடி, டேப் போட்டு ஒட்டி மேஜையில் வைத்தேன். சத்தியமாக எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

மாலை நாலு மணிக்கு நாலு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் பார்சல். பல் டாக்டரம்மா மூன்று நோயாளிகளை மறுநாள் வரச்சொல்லிவிட்டு வந்திருந்தார், டைம்கீப்பர் அம்மா ஷிப்ட் மாற்றியிருந்தார், தையல்கடைக்கார அம்மா கையோடு கத்தரிக்கோல் கொண்டுவந்திருந்தார். நான் டீ போட்டுத் தட்டில் எடுத்துக்கொண்டு போனேன். பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி நாலு பேர் முகத்திலும் அப்படியொரு பதற்றம். பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"எதுக்கு இவ்வளவு டென்ஷன்? அந்தப் பையன் கடைசிப் பக்கத்துல செத்துப் போயிடறான். நிம்மதியா டீ குடிங்க."

டைம்கீப்பர் அம்மா தொழில் பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டார். பல் டாக்டரம்மா, இனி பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்று முடிவு கட்டிய பல்லைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். தையல்கடைக்கார அம்மா கத்தரிக்கோலை மேஜையில் வைக்கவில்லை என்பதைக் கவனித்து நான் இரண்டடி பின்னால் வந்தேன். உன் அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், மாப்பிள்ளை. கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை. தணிந்த குரலில்தான் பேசினாள்.

"முப்பத்து மூணு வருஷம் பெத்தவங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி, கட்டினவங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி, ரிசல்ட் எனக்குத் தெரியும். அந்தக் காகிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு, வராந்தாவுல காத்துக்கிட்டு இருக்கறவங்க முகத்தைப் பாக்காம நடந்து போவேன். இந்த ஒண்ணுலயாவது முடிவு தெரியாம இருக்கணும்னு ஆசைப்பட்டேன்."

அவ்வளவுதான் பேசினாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போய்விட்டாள். நான் ஆடிப்போய்விட்டேன். புத்தகத்துக்காக இல்லை. இத்தனை வருஷமும் அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பத்து நிமிஷம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். களைப்பு என்று நினைத்து நான் பேப்பர் படிப்பேன். ஒரு நாள்கூட என்ன என்று கேட்டதில்லை. எல்லாக் கோப்பிலும் கடைசித் தாளைப் பார்த்தவன், வீட்டில் இருந்த ஒருத்தியை முதல் தாள்கூடப் புரட்டவில்லை என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சமாதானத்துக்கு என்னென்னவோ செய்துவிட்டேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு முறையாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி அவள் தட்டுக்கு அடியில் வைத்தேன். ஓரத்தில் "பார்த்தேன்" என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். சிபாரிசு பிடிக்கலாம் என்று இல்லாத பல்வலியைச் சொல்லிப் பல் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் என் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, இருபது நிமிஷம் என்னைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொன்னார். ஒரு வார்த்தை பதில் பேச முடியவில்லை. கடைசியில் உண்மையாகவே ஒரு பல் சொத்தையாம். வீட்டிலோ ஸ்பூன் வைக்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கிறது. புத்தகத்துக்கு எதிராக ஆதாரம் சேகரிக்கலாம் என்று முதல் பாகத்தை எடுத்து வைத்திருக்கிறேன். ஆதாரம் சேகரிக்க மட்டும்தான். இருநூற்று ஏழாம் பக்கம் வரை வந்திருக்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் கோட்டைக்குப் பதினொரு காவலர்கள், ஏழாம் அத்தியாயத்தில் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டாவது ஆள் யார், எப்போது உள்ளே வந்தான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. விளக்கேற்றுகிற பெண்ணுக்கு மட்டும் சந்தேகம் இருக்கிற மாதிரி தெரிகிறது.

ஆகவே என் கோரிக்கை: வெள்ளிக்கிழமை அவளை வரவிடாதே. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், ஒரு அறையும் காலியில்லை, வாசம் தலைவலி தரும் என்று சொல். அவள் பேசாமலே இருக்கட்டும், இங்கே இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும். அவள் இல்லாத வீட்டில் என்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது, இதை அவளிடம் சொல்லும் வழியும் எனக்குத் தெரியவில்லை. தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து முன்னுக்கு வர என் ஆசிகள். என்ன படிக்கிறார்கள் என்பதை மட்டும் நீ கவனித்துக்கொள்.

இப்படிக்கு,
பதினாறு நாளாக வாய்ப்பேச்சு கேளாத
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா ஐந்தாம் பாகத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். "டீ போடறீங்களா?" என்றாள். பாதிப் பசையை மேஜையில் கொட்டிவிட்டேன். பிறகு புத்தகத்தைத் திறந்து, முடிவிலிருந்து நாற்பது பக்கம் முன்னால் இருந்த ஒரு தலைப்பை விரலால் காட்டினாள். "இதே ஆசிரியரின் அடுத்த தொடரிலிருந்து முதல் அத்தியாயம்" என்று இருந்தது. அதில் சாகிறவன் நம் பையனுடைய தாத்தாவாம். அந்த வம்சத்தில் ஒருத்தருக்கும் நிழல் கிடையாதாம். அந்தக் குமாஸ்தாவுக்கு நான் கொடுத்த மெமோவை மனதுக்குள் எனக்கே ஒருமுறை படித்துக்கொண்டேன். இது எப்போது தெரிந்தது என்று கேட்டேன். ஐந்தாம் நாளே தெரியுமாம். அப்படியானால் மிச்சம் பதினொரு நாள் எதற்கு என்றேன். "வீடு அமைதியா இருந்துச்சு. ரெண்டாவது தடவையும் படிச்சு முடிச்சுட்டுப் பேசலாம்னு இருந்தேன்" என்றாள். ரயில் டிக்கெட்டைக் காட்டினாள். எடுத்ததே இரண்டு பேருக்குத்தான். சரி, நம் பையன் பிழைக்கிறானா என்று கேட்டேன். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அது ஐந்தாம் பாகத்தில் வரும், நீங்கள் முதலில் இருந்து வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். பிறகு டீ குடித்துக்கொண்டே, அந்த வராந்தாவில் காத்திருந்த ஒரு அம்மாவைப் பற்றி ஆரம்பத்திலிருந்து சொன்னாள். முடிவு என்ன ஆயிற்று என்று நான் நடுவில் கேட்கவில்லை.

எழுதிய தாளைக் கிழிக்கிற வழக்கம் எங்கள் பிரிவில் இல்லை, அதனால் இதை அப்படியே அனுப்புகிறேன். கடைசிப் பத்தியை மட்டும் படித்தால் போதும் என்று மேலே எழுதிய வரி மட்டும் ரத்து. பெயிண்ட் டப்பா எதையும் திறந்துவிடாதே, இருவரும் வருகிறோம். பாகம் ஒவ்வொன்றிலும் கடைசி ஐம்பது பக்கத்தைச் சேர்த்து டேக் கட்டி அரக்கு வைத்திருக்கிறேன், என் கையை நானே நம்புவதற்கில்லை. ஐந்து பாகத்தையும் நீ படித்து முடித்துவிட்டாய் என்று உன் அக்கா சொன்னாள். ஸ்டேஷனுக்கு எங்களை அழைக்க வருகிறபோது அந்தப் பன்னிரண்டாவது காவலனைப் பற்றி ஒரு வார்த்தை வாயைத் திறந்தாயோ, பதினாறு நாள் உன்னோடு பேச மாட்டேன்.