கொடும்பாவியின் கோட்டு

உயிரோடு இருந்த ஒரு மனிதரைத் தனக்குத்தானே கொள்ளி வைத்துக்கொள்ளச் செய்தவன் நான். விளையாட்டு என்று நினைத்துத்தான் செய்தேன். ஐம்பதுகளில் நடந்தது. எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்னும் அது விளையாட்டாக மாறவில்லை.

அந்த மனிதர் கோட்டு மாமா. கன்னட எல்லையோரத்து எங்கள் பேரிகைப் பக்கத்தில் அவரைப் போல் வசவு வாங்கியவரும் இல்லை, வாங்கிய வசவை அவரைப் போல் துடைத்துப் போட்டவரும் இல்லை. பெங்களூர் கன்டோன்மென்டில் பட்டாளத்துக்காரர் எவரோ கழித்துவிட்ட கம்பளிக் கோட்டு ஒன்று எப்படியோ அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. சித்திரை வெயிலில் எங்களுக்குத் தோள் துண்டே பாரமாக இருந்தபோது, அவர் கழுத்துவரை பித்தான் போட்டுக்கொண்டு திரிவார்.

"வேர்க்கலையா மாமா?" என்று கேட்டால், "வேர்க்கட்டும்டா. இந்த ஊருல எங்கயாச்சும் ஈரம் இருக்கட்டும்" என்பார்.

அப்போது மழை தொடர்ந்து பொய்த்திருந்தது. ஊர்க்கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, வீட்டுக் கயிறோடு மாட்டுக் கயிறையும் முடிந்துதான் சேந்த வேண்டியிருந்தது. அடியில் ஒரு மூலையில் மட்டும் ஊற்று கசிந்தது. கோட்டு மாமா யாரும் கேட்காமலே கிணற்றடிக் கல்லில் வந்து உட்கார்ந்து காவல்காரர் ஆனார். அவர் சட்டம் ஒன்றுதான். யாராக இருந்தாலும் பாதிக்குடம்.

தெலுங்கு வீட்டாரைத் தெலுங்கில் விரட்டுவார், கன்னட வீட்டாரைக் கன்னடத்தில். எங்களுக்கு மூன்று மொழியிலும் கிடைக்கும். வெளியூர் விருந்தாளி வந்தால் விசாரணை வேறு.

"எந்த ஊருப்பா?"

"சூளகிரிங்க."

"அங்க தண்ணி இருக்குதா?"

"ஏதோ இருக்குதுங்க."

"அப்பறம் இங்க எதுக்கு வந்த?"

கூலி வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண்கள் எங்கள் கிணற்றைத் தொடக்கூடாது என்ற கேவலமான வழக்கம் அன்று இருந்தது. அவர்கள் தள்ளி நின்று காத்திருப்பார்கள். கோட்டு மாமா தானே சேந்திக் கொண்டுபோய் அவர்கள் குடத்தில் ஊற்றுவார். அங்கேயும் பாதிதான். "பண்ணைக்காரன் வீட்டுக்கும் பாதி, இவங்களுக்கும் பாதியா?" என்று என் அப்பாவே சண்டைக்குப் போயிருக்கிறார். "உங்க வீட்டு நாக்கு என்ன ரெட்டை நாக்கா?" என்று மாமா அவரை அனுப்பிவிட்டார்.

நான் பெங்களூரில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் என்னைப் பார்க்கத் தேன்கனிக்கோட்டையிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். குளிக்கத் தண்ணீர் கேட்டேன். மாமா சொம்பில் கொஞ்சம் ஊற்றினார். "மூஞ்சிக்கு மட்டும். அவங்க மூஞ்சியத்தான்டா பாப்பாங்க." அத்தோடு விட்டாரா? பெண்ணின் அப்பா சாப்பிட்டுவிட்டு வாய் கொப்புளிக்கக் குனிந்தபோது தெருவிலிருந்து ஒரு சத்தம்: "துப்பாதீங்க, முழுங்குங்க." அவர் முழுங்கினார். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது.

எனக்கு ஆத்திரம்.

மழை வராவிட்டால் கொடும்பாவி கட்டி இழுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஊரில் யாரோ செய்த பாவம்தான் மழையை விரட்டியது என்று, அந்தப் பாவியாக ஒரு வைக்கோல் பொம்மை செய்து, ஒப்பாரியோடு தெருத்தெருவாக இழுத்துப் போய் வறண்ட ஏரியில் வைத்து எரிப்பார்கள். பொம்மைக்கு மூத்த மகனாகக் கொள்ளிச்சட்டி தூக்குவது எப்போதும் கோட்டு மாமாதான். பெண்களையே தோற்கடிக்கும் ஒப்பாரி அவருடையது. கொள்ளி தூக்குகிறவர் வெற்றுடம்பாக இருக்க வேண்டும் என்பதால் அன்று மட்டும் கோட்டைக் கழற்றிக் கிணற்றடி வேப்பமரத்தில் மாட்டிவைப்பார்.

அந்த வருஷம் அதை எடுத்து நான் கொடும்பாவிக்குப் போட்டுவிட்டேன். கழுத்துவரை பித்தானும் போட்டேன்.

கொள்ளிச்சட்டிக்காரர் திரும்பிப் பார்க்கக்கூடாது. அதனால் அவருக்குத் தெரியவில்லை. தெருவெல்லாம் சிரித்தது. தன் ஒப்பாரிதான் சிரிக்க வைக்கிறது என்று நினைத்து அவர் இன்னும் ஓங்கிப் பாடினார். "என்னப் பெத்த பாவியே, ஏரியக் குடிச்சிட்டியே" என்று மார்பில் அடித்துக்கொண்டார். ஒருவர்கூட அவரிடம் சொல்லவில்லை.

ஏரியில் கொள்ளி வைக்கத் திரும்பினார். பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது. ஊர் மழைக்காக வந்து நிற்கிறது. சடங்கைப் பாதியில் விடக்கூடாது. குனிந்து கோட்டின் ஓரத்திலேயே நெருப்பை வைத்தார். பிறகு வெற்றுடம்போடு வீட்டுக்கு நடந்தார். அவர் அவ்வளவு ஒல்லி என்பது அன்றுதான் எங்கள் மனதில் பட்டது.

மறுநாள் வழக்கம்போல் கல்லில் வந்து உட்கார்ந்தார். "கொடும்பாவியா நமக்குத் தண்ணி அளக்கறது?" என்றாள் ஒருத்தி. கேலிதான். ஆனால் அடுத்தவள் அதைச் சிரிக்காமல் சொன்னாள். அவர் எழுந்து போய்விட்டார்; அப்புறம் வரவில்லை. முந்தியவர்கள் அண்டா அண்டாவாக மொண்டார்கள். சில நாளில் குடங்களில் சேறு வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. ஊர்ப் பெண்கள் வெகுதூரம் நடந்து ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினார்கள். கூலிக்காரப் பெண்களை அங்கேயும் கடைசியில்தான் விட்டார்கள்.

நான் பெங்களூர் போய், பழைய துணிக்கடையில் ஒரு கோட்டு வாங்கி வந்தேன். மாமா வீட்டு வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அன்னிக்கு உங்க கோட்ட மாட்டுனது நாந்தான்."

"நல்லா எரிஞ்சுதுங்க" என்றார். அதுவரை என்னை அவர் 'டேய்' என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதே இல்லை.

கோட்டை நீட்டினேன். "எனக்கு எதுக்குங்க? கெணத்துகிட்ட உக்கார்றவனுக்குத்தான் அது. நீங்களே போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டேன். இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கிணற்றில் இறங்கிச் சேறு அள்ளினேன். ஊற்று கொஞ்சம் கண் திறந்தது. அந்த வெயிலில், அந்தக் கல்லில், அந்தக் கோட்டோடு உட்கார்ந்தேன். "பெங்களூர் காலேஜில இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார்கள். மூன்று மொழியிலும் வாங்கிக்கொண்டேன். தள்ளி நின்றவர்களுக்கும் சேந்திக் கொண்டுபோய் ஊற்றினேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

ஒருநாள் மாமா குடத்தோடு வந்து வரிசையில் கடைசியாக நின்றார். அவர் குடத்தை விளிம்புவரை நிரப்பினேன். அவர் அதைப் பார்த்தார். நேரே நடந்து போய், தள்ளி நின்ற ஒரு பெண்ணின் குடத்தில் பாதியைச் சாய்த்தார்.

"டேய், கோட்டப் போட்டா மட்டும் போதுமாடா? பாதின்னா பாதி."

ஐப்பசியில் மழை வந்து கிணறு ஏறியது. கோட்டை எடுத்துக்கொண்டு போய், மறுபடி கல்லுக்கு வரச் சொல்லிக் கெஞ்சினேன். வரவில்லை. பின்னால் வந்த பஞ்சங்களிலும் அவர் அந்தக் கல்லில் உட்காரவில்லை, கொள்ளிச்சட்டி தூக்கவில்லை, அவர் ஒப்பாரியை ஊர் அதன்பின் கேட்கவில்லை.

என்னை மன்னித்தாரா என்று அவரிடம் கேட்கும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை. கிடைத்தது அந்த ஒரு 'டேய்'தான். பாதி மன்னிப்பாக இருக்கலாம். கோட்டு மாமா யாருக்கும் அதற்குமேல் கொடுத்ததில்லை.