முக்கால் இஞ்ச் தொப்புள்கொடி

"இப்போ எப்படி இருக்கு? பிரஷர் ஏறின மாதிரி இருக்கா?" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து பிளம்பரின் குரல் வந்தது.

"தலையில ரத்தம் ஏறின மாதிரி இருக்கு. செங்கல்லை எடுங்க, நான் வழுக்கிக்கிட்டே போறேன்" என்றாள் கட்டிலில் படுத்திருந்த அவர் மனைவி.

பிளம்பர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். கால்மாட்டில் செருகிய செங்கற்களின் புண்ணியத்தில், ஏழு மாத வயிற்றோடு அவள் தலைமாட்டுச் சுவரில் போய் முட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அன்று காலை ஸ்கேன் சென்டரில் ஆரம்பித்த வினை. டாக்டரம்மா திரையில் இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி வைத்துக் குழந்தையின் தலையை அளந்தார். வயிற்றை அளந்தார். தொடை எலும்பை அளந்தார். கடைசியாகத் தொப்புள்கொடியை அளந்துவிட்டு, "ம்ம்..." என்று இழுத்தார். அந்த 'ம்ம்'மிலேயே பிளம்பர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"மாசத்துக்கு வளர்ச்சி கொஞ்சம் கம்மியா தெரியுது. கொடியும் மெல்லிசா இருக்கு, பதிமூணு மில்லிமீட்டர். பயப்பட ஒண்ணுமில்ல. நல்லா சாப்பிடட்டும், ஓய்வெடுக்கட்டும். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி அளந்து பாக்கலாம்."

வேறு யாராக இருந்தாலும் 'பயப்பட ஒண்ணுமில்ல' என்பதைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். பிளம்பர் பதிமூன்று மில்லிமீட்டரைப் பிடித்துக்கொண்டார்.

"அரை இஞ்ச்சா! டாக்டரம்மா, அரை இஞ்ச் லைன்ல ஒரு ஆள் குளிக்கவே தண்ணி பத்தாது. குழந்தை வளர்றதுக்கு முக்காலாவது வேணாமா?"

"அடுத்தவங்களை வரச் சொல்லும்மா" என்றார் டாக்டர், ஆயாவைப் பார்த்து.

குழாயை மாற்ற வழியில்லை. ஆகவே பிரஷரைக் கூட்டுவது என்று வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டார் பிளம்பர். செங்கல் வந்தது அப்படித்தான்.

"தப்பு பண்ணிட்டேன்" என்று இப்போது அவரே ஒப்புக்கொண்டார். "தொட்டி மேல இருக்கணும், குழாய் கீழ இருக்கணும். உன் இதயம்தான் தொட்டி. தலைமாட்டைத்தான் தூக்கணும்."

செங்கற்கள் தலைமாட்டுக்குப் போயின. விடிந்து பார்த்தால் மனைவியின் கால்கள் கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. சரி, சாய்வுதான் பிரச்சினை என்று நாலு காலுக்கும் செங்கல் வைத்தார். இப்போது கட்டிலில் ஏற ஒரு முக்காலி தேவைப்பட்டது.

"சாய்வே இல்லைன்னா செங்கல் எதுக்குங்க?"

"உயரத்தை இழக்கக் கூடாது."

"நான் படுத்திருக்கிறது கட்டிலா, தண்ணி டேங்க்கா?"

டேங்க் என்றதும் அவருக்கு அடுத்த யோசனை வந்துவிட்டது. மனைவிக்குச் செம்பு செம்பாகத் தண்ணீர் கொடுத்தார். உள்ளே போன தண்ணீர் சும்மா இருக்குமா? அவள் முக்காலியில் இறங்குவதும் பாத்ரூமுக்கு ஓடுவதும் மறுபடி ஏறுவதுமாக, ஓய்வெடுக்க வேண்டியவளுக்கு உட்கார நேரமில்லாமல் போயிற்று.

கடைசியில்தான் பிளம்பர் தன் தொழிலின் மூல மந்திரத்துக்கு வந்தார். ஒரு குழாயில் தண்ணீர் நன்றாக வர வேண்டுமென்றால் வீட்டில் மற்ற குழாய்களை மூட வேண்டும்.

"நடக்காதே. டிவி பார்த்து அழாதே. முக்கியமா, பேசாதே. பேச்சுலதான் உனக்கு நிறைய வீணாகுது."

இதற்கு அவள் செம்பை எடுத்து அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. முந்தின நாள் பாத்ரூம் குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே அவர் அழுததை அவள் கேட்டிருந்தாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. இந்த மனுஷன் செய்வதில் ஏதாவது ஒன்று பலித்துவிடாதா என்றும் இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

நாலாம் நாள் பார்த்து அவள் அம்மா வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். மகள் ஆளுயரக் கட்டிலில் பிள்ளையைச் சுமந்துகொண்டு மௌனமாக வீற்றிருந்தாள்.

"என்னடி ஆச்சு? ஏன் பேச மாட்டேங்கற?"

மகள் சுவரில் மாட்டியிருந்த கணவனின் சட்டையைக் காட்டினாள். தன் வாயைக் காட்டினாள். பிறகு வயிற்றைக் காட்டினாள்.

"ஐயையோ! மாப்பிள்ளை வாயிலயும் வயித்துலயும் அடிச்சாரா?"

மகள் இல்லையென்று வேகமாகத் தலையை ஆட்டினாள்.

"பாவி மனுஷன், பொண்ணுக்குத் தலை எப்படி உதறுது பாரு!"

சரியாக அப்போது பிளம்பர் உள்ளே நுழைந்தார். நிலவரம் புரியாமல், "வாங்க அத்தை! அவ பேச மாட்டா. ரெண்டு வாரத்துக்கு மூடி வெச்சிருக்கேன்" என்றார் சிரித்த முகமாக.

அதற்குப் பிறகு மாமியார் பேசியதைக் கேட்டு மகளே வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. திறந்தவள் மூடவில்லை. நாலு நாள் பேச்சையும் சேர்த்துப் பொரிந்து தள்ளினாள். "போச்சு, போச்சு, எல்லா பிரஷரும் போச்சு" என்று பிளம்பர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பேசி முடித்த கையோடு அவள் பாத்ரூமுக்குப் போனாள்.

"இதுல ஒரு பிள்ளைத்தாச்சி படுப்பாளா?" என்று கேட்டுக்கொண்டே மாமியார் முக்காலியில் கால் வைத்துக் கட்டிலில் ஏறினாள். சாமானியப்பட்ட உடம்பா அது? ஒரு செங்கல் நழுவியது. மற்றவை அதைப் பின்பற்றின. கட்டில் தடாலென்று தரைக்கு வந்தது, மாமியாரின் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து மாமியார் படுத்திருந்தாள். கர்ப்பிணி மகள் அவளுக்குத் தைலம் தேய்த்தாள். பிளம்பர் சமைத்தார். அந்தச் சாப்பாட்டில் யாருக்கும் எந்த வளர்ச்சியும் வர வாய்ப்பில்லை.

"சொல்லிட்டேன் மாப்பிள்ளை. அடுத்த ஸ்கேன்ல அளவு கூடலைன்னா, என் பொண்ணை என்னோட கூட்டிட்டுப் போயிடுவேன். குழந்தை பொறந்தாலும் அனுப்பற பேச்சே கிடையாது."

இரண்டு வாரம் கழித்து மூவரும் ஸ்கேன் அறைக்குள் போனார்கள். டாக்டரம்மா புள்ளி வைக்க வைக்க பிளம்பர் திரையை நெருங்கிக்கொண்டே போனார். தலை, வயிறு, தொடை எலும்பு.

"வளர்ச்சி அருமையா இருக்கு. கொடி... பதினெட்டு, பத்தொன்பது மில்லிமீட்டர்."

"முக்கால் இஞ்ச்!" பிளம்பர் எல்லோரும் பார்க்க அழுதேவிட்டார். மனைவி படுத்தபடியே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா அத்தை? எல்லாம் அந்தச் செங்கல்!" என்றார் அவர்.

"செங்கல்லா?" டாக்டர் சிரித்தார். "போன தடவையும் இதே மாதிரி நல்லாத்தான் இருந்திருக்கும். அன்னிக்குப் பழைய மெஷின்ல பாத்தேன். படமே சரியா விழல. அந்தச் சந்தேகத்துலதான் மறுபடி வரச் சொன்னேன்."

"நல்ல மெஷின் என்ன ஆச்சு?" என்று கேட்டார் பிளம்பர்.

"மாடியில பல் டாக்டர் கிளினிக் இருக்கில்ல, அங்கே புதுசா வாஷ்பேசின் மாட்டினாங்க. அது ஒழுகி, கூரை வழியா மெஷின் மேலயே கொட்டிடுச்சு."

பிளம்பருக்கு ரத்தம் கொதித்தது. ரெண்டு வாரமாய்க் கெட்ட தூக்கம், மாமியார் இடுப்பு, பாத்ரூமில் விட்ட கண்ணீர், எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது.

"எவன் டாக்டரம்மா மாட்டினான்? ஒரு ஜாயின்ட் ஒழுங்கா முறுக்கத் தெரியாதவன் எல்லாம் எதுக்கு ஸ்பேனரைக் கையில எடுக்கறான்? எங்க தொழிலுக்கே அவமானம்! அவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க, சட்டையைப் பிடிச்சு இங்கேயே கொண்டாந்து நிறுத்தறேன்!"

மனைவியின் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்கதானேண்ணே மாட்டினீங்க? அன்னிக்கு உங்களுக்கு ஏணி தூக்கிட்டு வந்து கொடுத்ததே நான்தானே!"