கொம்பு ஒடிக்கும் சுவாமி

ஹைதராபாத் கச்சிபௌலி டிராஃபிக் முழுக்க அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்ககத்துக்குள் நுழைந்துவிட்டது. கிளப் ஹவுஸில் உயிரொளி சுவாமி! பேரிலுள்ள உயிரெழுத்தைத் தடவியே தலைவிதியைச் சொல்லும் மகான். ராப்பகலாகக் கோடிங் எழுதும் மேதைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள்.

வாசலில் சீடனிடம் பேரைச் சொல்ல வேண்டும். அதையே தாளில் எழுதி, உறைக்குள் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். சுவாமி கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். இடையில் சீடன் சுவாமி காதில் ஏதோ கிசுகிசுப்பான். மந்திரமாம்!

போன வாரம், கல்யாணம் நிச்சயமாகியிருந்த எங்கள் அடுக்ககத்து வேதாவின் உறையைத் தொட்டதும் அலறினார். "ஐயோ, குத்துது! 'வே'ன்னு எழுதினா முன்னாடி கொம்பு நிக்குதே. மாப்பிள்ளையை முட்டித் தள்ளிடும்!"

மாப்பிள்ளை விஸ்வநாத்தின் அம்மா கிரிஜா கல்யாணத்தையே நிறுத்திவிட்டார். கொம்பை ஒடித்து 'வதா' என்று பேரை மாற்றினால்தான் தாலியாம். நாய்க்குட்டிக்குக்கூட அப்படிப் பேர் வைக்க மாட்டார்கள். மாட்டேன் என்று வேதா அழுதாள். விஸ்வநாத் "ஆ..." என்றான். "ஓ..." என்றான். அதற்கு மேல் அவனுக்கு எழுத்து வரவில்லை.

இந்த வாரம் வேதாவோடு அவளுடைய ஆபீஸ் தோழி ஃபாத்திமாவும் வந்தாள். ஹைதராபாத்திலேயே வளர்ந்தவள்.

"சாமி, தெலுங்குல அந்தக் குறி எழுத்துக்குத் தலை மேலதானே இருக்கு?"

"தலைக்கேறினா தலைக்கனம். அதுக்குப் பரிகாரம் தனி."

"இங்கிலீஷ்ல?"

"உயிரெழுத்து தனியா நிக்கும். அதான் அமெரிக்கா போனவன் தனிமரம்."

கூட்டம் கைதட்டியது. வெட்கக்கேடு!

"உருதுல குறிலைப் பெரும்பாலும் எழுதவே மாட்டோம். நாங்கல்லாம் உயிரோடதானே சுத்துறோம்?"

சுவாமி இருமினார்.

"சரி, அந்தப் பேச்சு நக்கோ, வேணாம். இது வேதாவோட புது உறை. சீடர்கிட்ட பேர் சொல்லியாச்சு. பாருங்க."

சுவாமி தடவினார். துள்ளினார். "குத்துது! அதே கொம்பு!"

ஃபாத்திமா உறையைக் கிழித்து உதறினாள். வெற்றுத் தாள். ஒரு புள்ளிகூட இல்லை.

சுவாமி அசரவில்லை. "என் அருள்ல எழுத்து மறைஞ்சுடுச்சு."

"அப்ப கொம்பும் சேர்ந்து மறைஞ்சிருக்குமே. எதுக்குக் கத்தினீங்க?"

சீடன்தான் முதலில் ஓடினான். குரு பின்தொடர்ந்தார்.

கிரிஜா குழைந்தார். "வேதாம்மா, முகூர்த்தம் பார்த்துடலாமா?"

"உங்க பையன் ஒரு வாக்கியம் முழுசாப் பேசட்டும் அத்தை. அப்புறம் பார்க்கலாம்."

உறையைப் பிரிக்க ஒரு விரல் போதும். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் பத்துப் பத்து இருந்ததே, ஐயா!