‘அட்ஜஸ்ட்’ படுத்திய பாடு

எண்ணூர் முதல் ராயபுரம் வரை இங்கிலீஷை மரியாதையாக நடத்திய ஒரே மனிதர் வெர்ப் மாமுதான். நாங்களெல்லாம் அந்த மொழியை அதட்டி வேலை வாங்கினோம். அவர் ஒருவர்தான் அதனிடம் ஊர், பேர் விசாரித்தார்.

எண்ணூரில் துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டில் அவர் எலக்ட்ரீஷியன். மீன், இறால் ஏற்றிய குளிர் கன்டெய்னர்களுக்கு கரன்ட் கொடுத்து, அவ்வப்போது டிகிரி பார்த்து நோட்டில் எழுதுவார். பையில் ஒரு டெஸ்டர், தண்டையார்பேட்டை பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய அட்டையில்லாத டிக்ஷனரி. எந்த வார்த்தை காதில் விழுந்தாலும், “இது வெர்ப்பா சார்?” என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

மேனேஜர் ஒருமுறை கோபத்தில் “கெட் அவுட்” என்றார். மாமு நகரவில்லை. “கெட்டுனா வாங்கறது, அவுட்டுனா வெளிய. வெளியன்றத எப்டி சார் வாங்கறது?” மேனேஜர் யோசிக்க ஆரம்பித்துத் திட்டுவதை மறந்துவிட்டார்.

நான் அதே ஆபீசில் கடிதம் எழுதுபவன். எம்.ஏ. ஆங்கிலம். கல்யாணப் பத்திரிகையில் அதை என் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டவன். ஒருநாள் டீ நேரத்தில் மாமு வந்தார்.

“சார், அட்ஜஸ்ட்டுன்றாங்களே, அந்த வார்த்த எங்கருந்து வந்துச்சு?”

யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். என் படிப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. “ஜஸ்ட் என்றால் நியாயம். அட்ஜஸ்ட் என்றால் நியாயப்படுத்துவது.”

“அப்ப கறிக்கடைல எலும்பா போட்டுட்டு ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ன்றானே, அதுல இன்னா சார் நியாயம் கீது?”

டீ ஆறுகிறது என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் உறைந்த இறால் கன்டெய்னர் ஒன்று கப்பலேறியது. மைனஸ் பதினெட்டு டிகிரியில் இருக்கவேண்டிய சரக்கு. நான் டைப் அடித்த காகிதத்தில் 18-இல் அந்த 1 விட்டுப்போய், வெறும் மைனஸ் எட்டாகிவிட்டது. கப்பலின் வெளிநாட்டு அதிகாரி, கன்டெய்னரின் குளிர் மெஷினில் ஒரு டிகிரி, காகிதத்தில் வேறு டிகிரி இருக்கிறதே என்று மெயிலில் கேட்டார். புதுக் காகிதம் அடித்தால் மேனேஜர் கையெழுத்து வேண்டும், குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் ஸ்டைலாக ஒரு வரி இங்கிலீஷில் பதில் போட்டேன். சின்ன வித்தியாசம்தான், தயவுசெய்து அட்ஜஸ்ட் செய்துகொள்ளவும்.

டிகிரி நோட்டைக் கொடுக்க வந்த மாமு, என் தோளுக்குப் பின்னாலிருந்து அதைப் படித்தார்.

“இத அனுப்பிட்டியா சார்?”

“அனுப்பியாச்சு. ஏன்?”

“நம்மாளுக்கு அட்ஜஸ்ட்டுன்னா பொறுத்துக்கோ. அவனுக்கு மாத்தி வையின்னு அர்த்தம் சார். பேப்பர்ல உள்ளமேரி மெஷின மாத்திடுவான். எறா மொத்தம் கலீஜாயிடும்.”

முதலில் என் எம்.ஏ.வுக்குக் கோபம் வந்தது. பிறகுதான் இறால் நினைவுக்கு வந்தது. கப்பலுக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. அதற்குள் மாமு யார்டு வண்டியில் ஏறியிருந்தார். நானும் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன்.

துறைமுகத்தில் நின்ற கப்பலின் மேல்தளத்துக்கு நாங்கள் போனபோது, அதிகாரி மெஷினை மைனஸ் எட்டுக்கு மாற்றிவிட்டு நின்றார். எனக்கு மூச்சிரைப்பில், “சார்... சார்...” என்பதற்குமேல் இங்கிலீஷ் வரவில்லை. மாமு கையை உயர்த்தினார்.

“மெஷின் ரைட். பேப்பர் ராங். டர்ன் பேக்.”

மொத்தத்தில் ஒரே ஒரு வெர்ப். அதிகாரி தலையாட்டிவிட்டு, பழையபடி மைனஸ் பதினெட்டில் வைத்தார்.

திரும்பும்போது வண்டியில் மாமு மெதுவாகச் சொன்னார். “அட்ஜஸ்ட்ட போன்ல தேடிப் பாத்தேன் சார். நீ சொன்ன நியாயம்லாம் அப்பால வந்து ஒட்டிக்கினதாம். லத்தீன்ல மொதல்ல, பக்கத்துல கொண்டாறதுன்னுதான் அர்த்தமாம்.”

இனி மறைத்தால் நன்றாயிருக்காது என்று மேனேஜர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கதவு திறந்தது. மாமு வந்து என்னை ஒட்டி நின்றார்.

“உன்னை யாருய்யா கூப்பிட்டது?” என்றார் மேனேஜர்.

“யாரும் கூப்டல சார். நீ திட்டு, நான் சும்மா இப்டி நிக்கறேன்.”

அரைமணி நேரம் திட்டு விழுந்தது. மாமு அசையவில்லை.

போன வருஷம் ஓய்வு பெற்று மீஞ்சூருக்குப் போய்விட்டார். மாதத்துக்கு இரண்டு தடவையாவது ஏதோ ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு அவருக்குப் போன் செய்கிறேன். பாதி வார்த்தைகளுக்கு எனக்கே அர்த்தம் தெரியும்.