ஆய்வாளரின் கள்ள அளவு

ஒரு கிலோமீட்டரை இரண்டு நிமிடம் ஐம்பத்தைந்து நொடியில் ஓடி முடித்ததாகக் கைக்கடிகாரம் சொன்னபோது, ஆய்வாளர் ஒரு மின்கம்பத்தைக் கட்டிப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வழியில் இரண்டு தடவை நின்றிருந்தார். ஒரு தடவை ஷூ லேஸ் கட்ட. இன்னொரு தடவை எதற்கு என்று அவருக்கே தெரியாது, கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. காய்கறிப் பையோடு நடந்துவந்த ஓர் அம்மாள் அவரைத் தாண்டிப் போயிருந்தாள்.

வேறொருவராக இருந்தால் சந்தோஷப்பட்டுவிட்டுக் குளிக்கப் போயிருப்பார். இவர் எடையளவு ஆய்வாளர். இருபத்தெட்டு வருடமாகக் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிறவர். கிலோவுக்குப் பத்து கிராம் குறைந்தாலும் தராசைப் பிடுங்கி ஜீப்பில் போட்டுவிடுவார். அப்படிப்பட்டவரின் மணிக்கட்டிலேயே ஒரு பொய் ஏறி உட்கார்ந்திருந்தால் சும்மா விடுவாரா?

அன்று காலையே அலுவலகத்து இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு, ஜீப் டிரைவரையும் இழுத்துக்கொண்டு அதே சந்துக்குத் திரும்பி வந்தார். இரண்டு பக்கமும் இருபது மாடிக் கட்டடங்கள். நடுவில் ஒரு வேட்டிக்கரை அகலத்துக்குத்தான் வானம்.

"யார் மேல கேஸ் சார்?" என்றார் டிரைவர்.

"வாட்ச் மேல."

அளந்தார்கள். சந்தின் நீளம் நானூற்றுப் பத்து மீட்டர். கடிகாரத்தின் கணக்கில் ஆயிரத்து நூற்று நாற்பது.

"ரெண்டரை மடங்குக்கு மேல. இப்படி ஒரு தராசை நான் பார்த்ததே இல்லை."

"அது பாவம் என்ன சார் பண்ணும்? ஆகாசத்துல சாட்டிலைட்டைப் பார்த்துத்தான் தூரத்தை அளக்குது. இங்க ஆகாசமே தெரியலை. சிக்னல் செவத்துல மோதி மோதி வருது. நீங்க அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாவுறதா நெனச்சுக்குது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம ஜீப் இந்தச் சந்துக்குள்ள வந்தா, வழி காட்டுற போன்ல நாம மொட்டை மாடியில போறதா காட்டும் சார்."

இன்றைக்கே கடைக்குப் போய்க் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று ஆய்வாளர் முடிவு கட்டியபோது போன் அடித்தது. மகள்.

மகளுக்கு வேறு ஊரில் வேலை. கடிகாரம் அவள் வாங்கிக் கொடுத்தது. இவர் ஓடினால் அவள் போனிலும் தெரியும்படி ஏதோ செய்து வைத்திருந்தாள். மனைவி இறந்த இந்த மூன்று வருடத்தில் அப்பாவும் மகளும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசிக்கொண்டார்கள். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டீங்களா, போட்டேன், சரிப்பா, சரிம்மா. மூன்று நிமிடம் தாண்டியதில்லை. அதற்குப் பிறகு வீட்டில் டிவி மட்டும் பேசும். பார்ப்பதற்காக இல்லை, ஒரு குரல் கேட்கட்டும் என்றுதான் அதைப் போட்டு வைப்பார்.

இன்று புதன்கிழமை.

"அப்பா, என்னப்பா இது? ரெண்டு நிமிஷம் அம்பத்தஞ்சா?"

"அது வந்தும்மா..." உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார்.

"எப்படிப்பா ஓடினீங்க? முதல்லேர்ந்து சொல்லுங்க."

முதலிலிருந்து சொல் என்று அவரிடம் யாரும் கேட்டு வெகு நாளாகிவிட்டது. சொல்ல ஆரம்பித்தார். காலையில் எழுந்தது, சாக்ஸைத் தேடியது, சந்தில் திரும்பியது, காற்றாய்ப் பறந்தது. காற்றாய்ப் பறந்தது என்று சொல்லும்போது மட்டும் டிரைவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டார். முப்பத்து நான்கு நிமிடம் பேசினார்கள். அவ்வளவு நேரமும் டிரைவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நானூறாவது மீட்டரில் நின்றிருந்தார்.

"அப்போ வாட்ச்சைக் கடையில குடுத்துடலாமா சார்?"

"அவசரம் ஒண்ணும் இல்லை."

மறுநாள் மனசாட்சி உறுத்தவே பூங்காவில் ஓடினார். அங்கே வானம் தாராளமாகத் தெரிந்தது. கடிகாரம் யோக்கியமாக ஒன்பது நிமிடம் நாற்பது நொடி என்றது. போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் பூங்கா, அன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் இருட்டு விலகுமுன்பே திருட்டுமுழி முழித்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார். மூன்று நிமிடம் இரண்டு நொடி. ஷூவைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது.

அதன் பிறகு பூங்காப் பக்கம் அவர் தலை வைத்துப் படுக்கவில்லை.

அடுத்த ஐந்து மாதமும் மகள் தினமும் கூப்பிட்டாள். அவர் ஓடிய வேகத்தைச் சொல்லி ஆரம்பிப்பார், பேச்சு எங்கெங்கோ போகும். அவள் அறைக் குழாய் ஒழுகுவது, மேனேஜரோடு சண்டை, இவர் அலுவலக மின்விசிறியின் சத்தம். ஒருநாள் அம்மாவைப் பற்றிக்கூடப் பேசினார்கள். மூன்று வருடமாக இரண்டு பேரும் தொடாமல் வைத்திருந்த பேச்சு அது. அன்று போனை வைத்த பிறகு டிவியைப் போட அவருக்குத் தோன்றவில்லை.

ஆனால் தொழில் கெட்டது. ஒரு மளிகைக் கடையில் கிலோவுக்குப் பதினைந்து கிராம் குறைந்தது. தராசைத் தூக்கக் கை நீட்டியவர், தன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"நாளைக்குள்ள சரி பண்ணிடுங்க," என்றார்.

கடைக்காரர் பயந்துபோய் நாற்காலி போட்டார். "உடம்பு சரியில்லையா சார்?"

வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தால் பொய்யும் குறையும், போனும் நிற்காது என்று கணக்குப் போட்டார். சந்தில் ஓடாமல் நடந்து பார்த்தார். பாதியில் நின்று கொட்டாவியும் விட்டார். மெதுவாகப் போகப் போகக் கடிகாரத்துக்குத் தாவ நேரம் அதிகம் கிடைத்ததோ என்னவோ, இரண்டு நிமிடம் நாற்பது நொடி என்று காட்டியது.

"அப்பா, உங்க பேரைக் குடுத்துட்டேன்," என்றாள் மகள் அன்றைக்கு. "பதினாறாம் தேதி, உங்க ஊர்லதான். நானும் வர்றேன். ரெண்டு நாள் லீவு சொல்லிட்டேன்."

ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள், பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் என்று.

"எத்தனை கிலோமீட்டர்மா?" என்றார், தெரியாதவர் போல.

"அதெல்லாம் உங்களுக்கு ஒரு விஷயமாப்பா?"

அவள் வருகிறாள் என்பதில் பாதி நெஞ்சு குளிர்ந்தது. அவள் கண் முன்னால் முதல் கிலோமீட்டரிலேயே சாயம் வெளுக்கும் என்பதில் மீதி நெஞ்சு நடுங்கியது. பொய்க்காரனுக்கு யார் தினமும் போன் செய்வார்கள்? மறுபடி அந்த மூன்று நிமிட ஞாயிற்றுக்கிழமைகளை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

முழங்கால் வலி என்று சொல்லிப் பார்த்தார். மறுநாளே வீட்டு வாசலில் ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து நின்றார், மகள் அனுப்பியவர். காலை மடக்கி நீட்டித் தட்டிப் பார்த்தார்.

"எங்க வலிக்குது?"

"இங்க. இல்லை, அங்க."

"ஒரு குறையும் இல்லை சார். அதிகமா ஓடாத கால், அதான் தேயவே இல்லை," என்றவர், அங்கேயே போனை எடுத்து, கால் நன்றாக இருப்பதாக மகளுக்குச் செய்தி அனுப்பினார்.

கடைசி வழி ஒன்றுதான். பந்தயத்துக்கு இன்னும் ஐந்து நாள். கடிகாரத்தைச் சரி செய்துவிட்டால், இத்தனை நாள் காட்டியது தப்பாம், இன்றைக்குத்தான் தெரிந்தது என்று பழியை அதன் தலையில் கட்டிவிடலாம். அவ்வளவு சாமர்த்தியமாகப் பொய் சொல்ல எப்போது கற்றுக்கொண்டோம் என்று அவருக்கே அவமானமாக இருந்தது. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

கவுன்டரில் இருந்த பெண் கடிகாரத்தைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள்.

"கட்டடங்களுக்கு நடுவுல தப்பா காட்டுது, அதானே சார்? அதைச் சரி பண்ற அப்டேட் வந்து நாலு மாசம் ஆச்சே. போட்டுக்கலையா?"

"எனக்கு அப்படி ஒண்ணும் வரலையே."

"இது வேற பேர்ல ஒரு கணக்குல இருக்கு சார், உங்க பொண்ணுதானே? அவங்க போனுக்குத்தான் போயிருக்கும். ஆமா, போயிருக்கு. எதைச் சரி பண்ணும்னும் அதுல எழுதியிருக்கு. வேண்டாம்னு அழுத்தியிருக்காங்க."

"கை தவறிப் பட்டிருக்கும்மா. வேலை வேலைன்னு ஓடுற பொண்ணு."

"ஏழு தடவையா சார்?"

எண்களில் ஆய்வாளருக்குச் சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை அளப்பார். இதை எதை வைத்து அளப்பது என்று தெரியவில்லை. "சீக்கிரம் சரி பண்ணிக் குடும்மா," என்றார் கம்மிய குரலில். "பதினாறாம் தேதி எனக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டம். எம் பொண்ணு பேர் குடுத்திருக்கா."

"அந்தப் பதிவும் இந்தக் கணக்குலயே இருக்கு சார்," என்று அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "ஆனா இது ஓட்டம் இல்லையே. ரெண்டு பேர், மூணு கிலோமீட்டர், பேசிக்கிட்டே மெதுவா நடக்கிறவங்க பிரிவு."