மச்சானோட ஹார்ட் டிஸ்க்குக்கு சீல் வெச்ச கதை

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். மச்சானோட ஹார்ட் டிஸ்க்குல ரெண்டு ஃபோல்டரை அழிக்கணும்.

மச்சான்னா என் மனைவியோட அண்ணன். அவர் பொண்ணு கல்யாண வீடியோவை எங்களுக்குக் காட்டணும்னே திருநெல்வேலில இருந்து ஹைதராபாத் வந்திருந்தார். வீடியோ மொத்தம் ஆறு மணி நேரம். நாங்க அந்தக் கல்யாணத்துல இருந்ததே அஞ்சு மணி நேரம்தான்!

"மாப்ளே, டிவியில போட்டா இந்த ரெண்டு ஃபோல்டர்தான் முதல்ல வந்து நிக்குது. திறந்தா ஒண்ணுமில்ல, அழிச்சாலும் போக மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் பாருங்க. ஸ்டுடியோக்காரரு அவர்கிட்ட இருந்ததை அழிச்சிட்டாராம். இருக்கிறது இது ஒண்ணுதான், பத்திரம்."

சொல்லிட்டு பேகம்பேட்ல ஒரு சிநேகிதரைப் பார்க்கக் கிளம்பிட்டார். அங்கேருந்து நேரா செகந்திராபாத் ஸ்டேஷன், நாலரை மணி ரயில். டிஸ்க்கை நான் பிளாட்பாரத்துக்குக் கொண்டு போய்க் குடுக்கணும்.

எங்க குடும்பத்துல கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் நான். பட்டத்தை யாரும் குடுக்கல, நானே எடுத்துக்கிட்டேன்.

டிஸ்க்கை மாட்டினேன். மறைஞ்சிருக்கிற ஃபோல்டரையெல்லாம் காட்டச் சொன்னேன். அந்த ஃபோல்டர் ரெண்டு பேரும் வெளிறிப்போய் வந்து நின்னாங்க. ஒண்ணு சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன். இன்னொண்ணு டாலர் குறி போட்ட ரீசைக்கிள் பின்.

டிலீட் அழுத்தினேன். 'இதுக்கு சிஸ்டத்தோட அனுமதி வேணும்'னு வந்துது.

பின்னாடி நின்ன என் மனைவி கேட்டா, "யாருங்க அந்த சிஸ்டம்?"

"அது கம்ப்யூட்டர்தான்."

"அப்ப நீங்க யாரு?"

"நான் அட்மினிஸ்ட்ரேட்டர். எல்லாருக்கும் மேல."

"மேல இருக்கிறவரு எதுக்குக் கீழ இருக்கிறவன்கிட்ட அனுமதி கேக்கறீங்க?"

எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. இருபத்தஞ்சு வருஷமா மத்திய அரசு நிறுவனத்துல வேலை பார்க்கிறவன்கிட்ட பேசற பேச்சா இது! எங்க ஆபீஸ்ல ஒரு ஃபைல் மேல சந்தேகம்னா முதல் காரியம் என்ன தெரியுமா? அலமாரிக்கு சீல் வைக்கிறது. எல்லாரோட அனுமதியும் ரத்து. அப்புறம்தான் விசாரணை.

அதையே இங்கயும் பண்ணினேன். டிஸ்க்கோட செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தேன். 'எவ்ரிஒன்'னு, அதாவது எல்லாரும்னு, ஒரு வரி இருந்துது. அதுக்கு நேரா 'டினை', அதாவது அனுமதி கிடையாதுன்னு போட்ட கட்டத்துல டிக் போட்டேன். நீளமா ஒரு எச்சரிக்கை வந்துது. ஆபீஸ் சர்க்குலரைப் படிக்கிற மாதிரிதான் படிச்சேன். அதாவது, படிக்கல. யெஸ் குடுத்தேன்.

முடிஞ்சுது. ரெண்டு ஃபோல்டரும் காணோம்! மார்தட்டிக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

"கல்யாண வீடியோ எங்கங்க?"

அதுவும் காணோம். டிஸ்க்கை அழுத்தினா 'உங்களுக்கு அனுமதி இல்லை'ங்குது. எவ்ரிஒன்ல நானும் சேர்த்தின்னு எனக்கு எப்படித் தெரியும்!

மணி ரெண்டரை. ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பிரிவுல இருக்கிற ஒருத்தருக்கு போன் போட்டேன்.

"ஃபார்மேட் பண்ணிடுங்க சார். ரெண்டு ஃபோல்டரும் போயிடும்."

"வீடியோ?"

"அதுவும் போயிடும்."

போனை வெச்சுட்டேன். மனைவி செருப்பு மாட்டிக்கிட்டு வந்து ஸ்கூட்டர் பின்னாடி உட்கார்ந்துட்டா. செகந்திராபாத் மார்க்கெட்டுல ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வண்டியை விட்டேன். 'எங்க அண்ணன் பொண்ணு கழுத்துல தாலி ஏறினதை நீங்க அழிச்சிட்டீங்க'ன்னு இவ ஆயுசுக்கும் கேட்கப் போறா. நியாயந்தானே!

கடைக்காரர் டிஸ்க்கை மாட்டிப் பார்த்தார். "க்யா ஹுவா சாப்?" என்ன ஆச்சுன்னு கேட்டார்.

"வைரஸ்" னு அடிச்சு விட்டேன்.

அவர் ரெண்டு மூணு தடவை மவுஸை அழுத்தினார். சிரிச்சார். "வைரஸ் நை சாப். ஆபிச் டிக் டாலே. ஐசா கைக்கு கரே?"

வைரஸ் இல்ல, நீங்களேதான் டிக் போட்டிருக்கீங்க, ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு கேட்கிறார். எனக்குப் புரியாத மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டேன். என் மனைவி இங்கயே பொறந்து வளர்ந்தவ மாதிரி இந்த ஊர் ஹிந்தி பேசுவா. "ஹவ் பையா, இனோச் கரே" ன்னா. ஆமா அண்ணே, இவரேதான் பண்ணினாருன்னு கட்சி மாறிட்டா!

அவர் அந்த டிக்கை எடுத்தார். அவ்வளவுதான். கல்யாணப் பொண்ணு ஸ்க்ரீன்ல மாலையும் கழுத்துமா வந்து நின்னா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

"கல்யாணத்தன்னிக்கு இவரு கண்ணு கலங்கி நான் பாக்கல" ன்னா என் மனைவி.

அந்த ரெண்டு ஃபோல்டரும் பக்கத்துலயே பத்திரமா இருந்துது. "இதையும் எடுத்துடலாமா?" ன்னு மெதுவாக் கேட்டேன்.

"நக்கோ சாப், நக்கோ!" வேண்டாம், இது கம்ப்யூட்டர் தானாப் போடறது, எடுத்தாலும் மறுபடி மாட்டினா திரும்பி வந்துடும், விட்டுடுங்கன்னு கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

நாலு இருபதுக்கு பிளாட்பாரத்துக்கு ஓடினோம். டிஸ்க் மச்சான் கைக்குப் போறதுக்கு முன்னாடியே நடந்ததெல்லாம் அவர் காதுக்குப் போயிடுச்சு. தங்கச்சி இல்லையா! ஒரு விவரம் விடல.

மச்சான் கோவிச்சுக்கவே இல்லை. டிஸ்க்கைப் பைக்குள்ள வெச்சு ஜிப்பை இழுத்தார்.

"வீடியோ இருக்குல்லா, அது போதும் மாப்ளே. அந்த ரெண்டும் கெடக்கட்டும். நம்ம குடும்பத்துலயும்தான் ஒண்ணு ரெண்டு இப்படி இருக்கு. ஒரு பிரயோஜனமும் கெடையாது, வெளிய அனுப்பவும் முடியாது. நாம அனுசரிச்சுப் போகலையா?"

யாரைச் சொல்றார்னு நான் கேட்கிறதுக்குள்ள ரயில் கிளம்பிடுச்சு. இவ மட்டும் வீடு வர்ற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தா.