இடது கால் ஞானி

கார் ஓட்டுகிற மனிதர்களை இரண்டு இனமாகப் பிரிக்கலாம். ஓட்டுகிறவர்கள் ஓர் இனம். ஓட்டுவது என்றால் என்ன என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்கிறவர்கள் இன்னோர் இனம். முதல் இனத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வண்டியை எடுப்பார்கள், போவார்கள், வருவார்கள், கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். நாம் பார்க்கப் போவது இரண்டாவது இனம். இதற்கு இடது கால் ஞானி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இவரை அடையாளம் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். யாருடைய காரிலும் முன்சீட்டில் இடது பக்கம் உரிமையோடு ஏறி உட்காருவார். ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு வேகத்தடையிலும், ஒவ்வொரு மாட்டுக்கும் அவருடைய இடது கால் கீழே விரித்திருக்கும் மிதியடியை ஒரு மிதி மிதிக்கும். அங்கே பெடல் கிடையாது. அதனால் என்ன? ஓட்டுகிறவர் கியர் மாற்றும்போது லேசாகக் கரகரவென்று கேட்டுவிட்டால், தன் பல்லையே யாரோ பிடுங்கியதுபோல் கண்ணை மூடிக்கொள்வார். வண்டி நின்றதும் இறங்கி மூக்கை உறிஞ்சி, "க்ளட்ச் வாசம் அடிக்குதுங்களே, வண்டி உங்களுதுங்களா?" என்று கேட்பார். ஆஸ்பத்திரியில் டாக்டர், பேஷண்டுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்கிற அதே குரல்.

கோயமுத்தூர்ப் பக்கம் இந்த இனம் செழிப்பாக வளர்ந்ததில் ஆச்சரியமில்லை. கிணற்று மோட்டாரின் சத்தத்தை ரோட்டிலிருந்து கேட்டே அதற்கு என்ன நோவு என்று சொல்கிறவர்கள் நிறைந்த சீமை. அதிலும் தொண்ணூறுகளில், தெருவுக்கு ஒரு கார் வந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், தெருவுக்கு மூன்று ஞானிகள் இருந்தார்கள். அவர்களில் தலைசிறந்தவர் போத்தனூர் எபினேசர்.

எபினேசருக்கு டெலிபோன் ஆபீசில் சூப்பர்வைசர் வேலை. அவருடைய குடும்பத்தில் கார் வாங்கிய முதல் ஆள் அவர்தான், அது ஒரு பழைய அம்பாசடர். சனிக்கிழமை தவறாமல் பனியனோடு வெளியே வந்து பானெட்டைத் திறப்பார். ஆயில் குச்சியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவி, வெயிலில் பிடித்துப் பார்த்து, ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்து, மோந்து, தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தபிறகு மூடுவார். இதனால் வண்டிக்கு என்ன பிரயோஜனம் என்கிறீர்களா? வண்டிக்காக யார் செய்தார்கள்?

"வண்டி ஓட்டறது கையில இல்லீங்க, கால்ல இருக்குது," என்பார். "க்ளட்ச பாதி உட்டு, அங்கயே நிறுத்தி, இஞ்சின் என்ன சொல்லுதுன்னு கால்ல கேக்கோணும். அதக் கேக்கத் தெரியாதவன் மாட்டு வண்டி ஓட்டலாமுங்க."

இவ்வளவு கேட்கிற அந்தக் கால், க்ளட்ச் பெடலை விட்டு ஒருநாளும் இறங்கியதில்லை. நேர் ரோட்டிலும் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் வருஷத்துக்கு ஒரு க்ளட்ச் பிளேட் தேய்ந்துபோகும். ரோடு சரியில்லை என்பார் எபினேசர். உக்கடத்தில் பட்டறை வைத்திருந்த முஸ்தபா, ஆமாங்க, ரோடு சரியில்லீங்க என்பார். வருஷம் தவறாமல் வருகிற வாடிக்கைக்காரரிடம் காரணத்தைச் சொல்லி யாராவது கெடுத்துக்கொள்வார்களா?

இந்த ஞானிக்கு ஒரு மனைவி உண்டு, கிருபா. மதுக்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. அறுநூறு பிள்ளைகளைப் புருவத்தாலேயே உட்கார வைக்கிறவர். அவருக்குக் கார் ஓட்ட ஆசை வந்தது. இதில் தப்பு ஒன்றுமில்லை. புருஷனிடம் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்ததுதான் தப்பு.

எபினேசர் டேஷ்போர்டின் மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தார். தண்ணீர் தளும்பாமல் எடுத்தால்தான் எடுத்தது என்று கணக்கு. நேராக ரயில்வே மேம்பாலத்துக்குக் கொண்டுபோய், பாதி ஏற்றத்தில் நிறுத்தச் சொல்லி, "இப்ப பாதி க்ளட்ச்சுல நிறுத்து பாக்கலாம்," என்றார். வண்டி பின்னால் உருண்டது. பின்னால் நின்ற லாரிக்காரன் கத்தினான். டம்ளர் கிருபாவின் மடியில் விழுந்தது. "இது உனக்கு வராது அம்மணி. இதெல்லாம் ரத்தத்துலயே இருக்கோணும்," என்று லாரிக்காரனும் கேட்கும்படி சொன்னார். ஈரச் சேலையோடு வீட்டுக்கு நடந்துபோன கிருபா, அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில்தான் போனார். வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் எபினேசர் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். அவர்களுக்கு கிருபா குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பார்.

இந்த நிலைமையில்தான் மஸ்கட்டில் வேலை பார்த்த கிருபாவின் தம்பி லீவில் வந்து ஒரு புதுக் காரை வாங்கினான். திரும்பிப் போவதற்கு ஒரு வாரம் முன்னால், "நீ ஓட்டுக்கா," என்று அக்காவிடமே சாவியைக் கொடுத்தான். அது கியர் தானாக மாறிக்கொள்ளும் கார். எபினேசர் கதவைத் திறந்து, குனிந்து, வெகுநேரம் தேடினார்.

"க்ளட்ச் எங்கடா?"

"இதுக்குக் கெடையாதுங்க மச்சான்."

"கழட்டிப்போட்டு வித்துட்டானுகளா?"

தீர்ப்பு அன்று சாயங்காலமே தெரு முழுக்கப் போய்விட்டது. "அது காரில்லீங்க, லிப்டு. ஏறி நின்னாப் போகுது. அத ஓட்டறவங்க டிரைவர்னா, மாவு மில்லுல சுவிச்சப் போடறவனும் டிரைவர்தானுங்க. நாளைக்கு கியர் பெட்டியில ஒண்ணுன்னா தெறந்து பாக்க இந்த ஜில்லாவுல ஆளிருக்குதுங்களா? என்ற அம்பாசடர மரத்தடியில போட்டுக் கழட்டலாம்." கழட்டித்தானே ஆக வேண்டும், வருஷா வருஷம்.

கிருபா, தம்பி ஊரிலிருந்த வாரத்திலேயே ரயில்வே மைதானத்தில் பழகிக்கொண்டார். அடுத்த மாதம் ஒருநாள் டேஷ்போர்டின் மேல் டம்ளர் நிறையத் தண்ணீரை வைத்துவிட்டு, "வாங்க, போலாம்," என்று புருஷனை ஏற்றிக்கொண்டு அதே மேம்பாலத்தில் ஏறினார். பாதி ஏற்றத்தில் நிறுத்தினார். எடுத்தார். தண்ணீர் அப்படியே இருந்தது. எபினேசர் டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தண்ணி கம்மியா ஊத்தியிருக்கறே," என்றார்.

இனி ஒரு கல்யாணத்துக்கு வருவோம். போத்தனூரில் அவர்கள் கிறிஸ்தவ சபையில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமானாலும் எபினேசரின் அம்பாசடரில், எபினேசர் ஓட்டித்தான் அவள் கோயிலுக்குப் போவாள். மற்ற நாட்களில் அவர் டெலிபோன் ஆபீஸ் சூப்பர்வைசர். அன்றைக்கு மட்டும் ஊரே வழிவிடும். அந்த ஒருநாள் மரியாதைக்காகத்தான் அவர் மற்ற நாளெல்லாம் வண்டியைத் துடைத்தார் என்றுகூடச் சொல்லலாம். பக்கத்து வீட்டு ஏசுவடியானின் ஒரே மகள் ஜெனிஷாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை உடுமலைப்பேட்டை. கல்யாணத்தை நடத்திவைக்கும் ஆயருக்கு அன்றைக்கே மதுக்கரையில் இன்னொரு கல்யாணம். பத்து மணிக்குப் பெண் கோயில் வாசலில் இல்லாவிட்டால், அதை முடித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல்தான் வருவேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்த வாரம் பார்த்து அம்பாசடரின் க்ளட்ச் பிளேட் போய்விட்டது.

ஏசுவடியான் தயங்கித் தயங்கி வந்தார். "அண்ணா, அண்ணியோட வண்டியில போயிக்கலாமுங்களா? அண்ணியே ஓட்டட்டுமுங்க."

"பொண்ணு போற வண்டியில வெளையாட்டு வேண்டாம் ஏசுவடியான். நானே ஓட்டறேன். விமானத்தையே குடுத்தாலும் எனக்குக் கால் பழக்கம் போதும்."

கிருபா சாவியைக் கொடுத்தார். தலைமை ஆசிரியை எதுவும் பேசாமல் இருந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அர்த்தம் புரியும். எபினேசருக்குப் புரியவில்லை.

ரிப்பன் கட்டிய கார் புறப்பட்டது. முன்னால் ஏசுவடியான், பின்னால் முக்காடு போட்ட ஜெனிஷாவும் கிருபாவும், அதற்குப் பின்னால் வேனில் உறவுக்காரர்கள். தெருமுனையில் வண்டி வேகம் எடுத்தது. இந்த இடத்தில் கியர் மாற்ற வேண்டும் என்று இருபது வருஷத்து ஞானம் சொல்லிற்று. இடது கால் க்ளட்ச்சைத் தேடிப் போனது. அங்கே இருந்தது அகலமான பிரேக் பெடல். ஓங்கி ஒரு மிதி. ஏசுவடியான் கண்ணாடியில் நெற்றியை முட்டினார், ஜெனிஷாவின் கையிலிருந்த பூச்செண்டு முன்சீட்டுக்கு வந்தது, முக்காடு மூக்குக்கு இறங்கியது.

"பிரேக் கொஞ்சம் ஷார்ப்பு," என்றார் எபினேசர். அடுத்த திருப்பத்திலும் அதையே சொன்னார்.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கேட்டில் இஞ்சினை அணைக்காதவன் பெட்ரோலின் அருமை தெரியாதவன் என்பது அவருடைய கொள்கை. சாவியைத் திருப்பி அணைத்தார். கியர் கம்பி ஓடுகிற நிலையிலேயே இருந்தது; அந்த நிலையில் இந்தக் கார் ஸ்டார்ட் ஆகாது. ரயில் போனது, கேட் திறந்தது, சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. இன்னொரு தடவை. இல்லை.

"ஏனுங்க, அந்தக் கம்பிய நியூட்ரலுக்குத் தள்ளிப்போட்டு சாவியத் திருப்புங்க," என்றார் கிருபா பின்னாலிருந்து.

"நான் க்ளட்ச மிதிச்சுட்டுத்தான் திருப்பறேன், அப்புறம் நியூட்ரல் எதுக்கு? நீ சித்தெ சும்மா இரு அம்மணி. பேட்டரி போச்சு." இந்தக் காரில் க்ளட்ச் இல்லை என்று தெருவுக்கே சொன்னவர் அவர்தான்.

ஏசுவடியான் கை நீட்டி ஹாரனை அழுத்திப் பார்த்தார். நன்றாகவே அலறியது. "ஹாரன் அடிக்குதுங்களே அண்ணா?"

"ஹாரனுக்குப் போற கரண்ட் வேற, ஸ்டார்ட்டருக்குப் போற கரண்ட் வேற," என்று விளக்கினார் ஞானி. பிறகு தலையை வெளியே நீட்டி, "எல்லாரும் எறங்கித் தள்ளுங்க. நான் க்ளட்ச மிதிச்சுக்கறேன். வேகம் வந்ததும் உடறேன், புடிச்சுக்கும்," என்றார்.

வேனிலிருந்து பட்டுச் சட்டைகளும் கோட்டுகளும் இறங்கின. தள்ளின. எபினேசர் சொன்ன சொல் தவறாமல் மிதித்துக்கொண்டார். மிதித்தது எதை என்று உங்களுக்குத் தெரியும். பிரேக் போட்ட காரை எட்டு ஆண்கள் மூச்சு முட்டத் தள்ளினார்கள், பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து கை கொடுத்தார்கள், ஒரு கோட்டு அக்குளில் கிழிந்தது, ஒருவரின் செருப்பு வார் அறுந்தது, கார் அசையவில்லை.

"காலையில சாப்படலீங்களா யாரும்? இன்னும் நல்லாத் தள்ளுங்க."

வெகுநேரம் மிதித்த கால் மரத்துப்போய் கொஞ்சம் நழுவியது. கார் குபுக்கென்று முன்னால் பாய்ந்தது. "வருது, வருது," என்று உற்சாகத்தில் மறுபடி மிதித்தார். தள்ளிக்கொண்டிருந்த பத்துப் பேரும் டிக்கியில் மோதிக்கொண்டார்கள்.

"ஏனுங்க, கம்பிய நியூட்ரலுக்கு," என்றார் கிருபா இன்னொரு தடவை.

"உனக்கு இதெல்லாம் தெரியாது."

ஏசுவடியான் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயர் இந்நேரம் மதுக்கரைக்குப் புறப்பட அங்கியை மடித்துக்கொண்டிருப்பார், உடுமலைப்பேட்டைக்காரர்கள் என்ன பேசுவார்களோ என்று புலம்பினார். ஜெனிஷா அழுதுகொண்டே சொன்னாள். "பெரியம்மா, நீங்க ஓட்டுங்க பெரியம்மா."

கிருபா இறங்கினார். சுற்றி வந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"எறங்குங்க."

அறுநூறு பிள்ளைகள் கேட்ட குரல். எபினேசர் இறங்கினார். இவளாலும் முடியாது என்று பத்துப் பேர் முன்னால் நிரூபணமாகட்டும் என்றுதான் இறங்கினார். கிருபா உட்கார்ந்தார், கம்பியை நியூட்ரலுக்குத் தள்ளினார், சாவியைத் திருப்பினார். இஞ்சின் ஓடியது. இடது பக்கம் போய் ஏறிக்கொள்ளலாம் என்று எபினேசர் காரைச் சுற்றி வருவதற்குள் கார் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டது.

அவர் வேனில் நின்றுகொண்டு போனார். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆயர் ஜெபத்தை ஆரம்பித்திருந்தார். வாசலில், எப்போதும் அம்பாசடர் நிற்கிற இடத்தில், ரிப்பன் கட்டிய கார் நேராக நின்றது. அதைப் பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டது உண்மை. ஆனால் இந்த இனத்துக்குத் தலை வெகுநேரம் குனிந்திருக்காது.

பந்தியில் பிரியாணி வருவதற்கு முன்னாலேயே அவர் பேச ஆரம்பித்துவிட்டார். "நாங்க அத்தன தூரம் தள்ளி இஞ்சினச் சூடு பண்ணி வெச்சிருந்தமுங்க. இல்லீன்னா அம்மணிக்கு எங்க புடிக்கும்? சூடானதுக்கப்புறம் சாவியத் திருப்பறது பெரிய காரியமுங்களா?"

தள்ளியவர்களில் பலர் தலையாட்டினார்கள். கிழிந்த கோட்டுக்கு அவர்களுக்கும் ஒரு காரணம் வேண்டாமா?

அம்பாசடர் புதுப் பிளேட்டோடு பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. ஆனால் அடுத்த கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் வந்தபோது, எபினேசர் எழுந்து நின்று வரவேற்க, "டீச்சர் இருக்கறாங்களா?" என்று கேட்டார்கள். இப்போது கிருபா ஓட்டுகிறார். எபினேசர் இடது சீட்டில் உட்கார்ந்து மிதிக்கிறார். அந்தப் பக்கத்து மிதியடியில் குதிகால் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது. அதற்கும் ரோடுதான் காரணம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். என்னிடம் கார் கிடையாது என்றும் சொல்வீர்கள். கார் எதற்கு? அடுப்படியில் எட்டிப் பார்த்து இப்போது திருப்பு என்று தோசைக்கு உத்தரவு போடுகிறீர்களே, பஸ்ஸில் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடிக்கிறீர்களே, அதெல்லாம் எந்தக் கால்? அது இருக்கட்டும். ரயில்வே கேட்டில் அந்தப் பத்துப் பேர் காரைத் தள்ளியதைப் படித்தபோது உங்கள் இடது கால் என்ன செய்துகொண்டிருந்தது? குனிந்து பார்க்காதீர்கள், உங்களுக்குத் தெரியாது. வீட்டில் இருக்கிறவரைக் கேளுங்கள். அவர் பின்சீட்டிலிருந்து ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.